ஆப்பியன் சாலையும் தொட்டிப்பாலங்களும்: ரோமின் புறநகர்ச் சிதைவுகளை மின்சார மிதிவண்டியில் காண ஒரு முழுமையான வழிகாட்டி

ரோமுக்குச் செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் கொலோசியம், ரோமன் ஃபோரம், பாந்தியன் ஆகிய மூன்றையும் பார்த்ததும் பண்டைய ரோமைப் பார்த்து முடித்துவிட்டதாக எண்ணிவிடுகின்றனர். அந்த நகரைப் பேரரசாக்கிய சாலையும் தண்ணீரும் மதிலுக்கு வெளியே, தென்கிழக்குத் திசையில், புல்வெளிகளுக்கு நடுவே இன்றும் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணெதிரே நிற்கின்றன என்பது அவர்களுள் பலருக்குத் தெரிவதில்லை. கி.மு. 312-ஆம் ஆண்டில் சென்சார் என்னும் உயர்பதவியில் இருந்த ஆப்பியஸ் கிளாடியஸ், ரோமிலிருந்து காப்புவா வரை ஒரு சாலையையும், நகருக்குள் தண்ணீர் கொண்டுவரும் முதல் கால்வாயையும் ஒரே பதவிக்காலத்தில் தொடங்கினார். அந்தச் சாலை பின்னர் பிரிந்திசித் துறைமுகம் வரை 500 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டது. 2024 ஜூலையில் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தப் பகுதியைக் காண மின்சார மிதிவண்டியைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. சான் செபாஸ்தியானோ வாயிலிலிருந்து குவின்தீலி மாளிகை வரை சாலை ஆறு முதல் ஏழு கிலோமீட்டர். அங்கிருந்து, தண்ணீர்க் கால்வாயை உயர்ந்த வளைவுகளின் மேல் சுமந்த தொட்டிப்பாலங்கள் நிற்கும் பூங்காவுக்குச் சென்று கஃபரெல்லாப் பள்ளத்தாக்கு வழியாகத் திரும்பினால் மொத்தச் சுற்று 25 முதல் 30 கிலோமீட்டர் வரை வரும். வெயிலில் நடந்தால் பாதி வழியிலேயே கால் ஓய்ந்துவிடும். பேருந்தோ முதல் சில கிலோமீட்டருக்குப் பிறகு பழைய சாலையை விட்டு விலகிவிடும். மோட்டார் துணையுடன் மிதிக்கும்போது உடல் களைக்காது. அந்த மிச்சமான தெம்பை நின்று பார்ப்பதற்கும் கேட்பதற்கும் செலவிடலாம். வேகமாகப் போவதற்காக இந்த வண்டி வேண்டாம், அடிக்கடி இறங்கி நிற்பதற்காகவே வேண்டும் என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

மாதமும் கிழமையும்

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் செல்பவர்கள் காலை எட்டு மணிக்கோ மாலையிலோ புறப்படும் சுற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனெனில் தொட்டிப்பாலப் பூங்காவின் பெரும்பகுதியில் நிழலே கிடையாது. மழை பெய்த மறுநாள் பழைய பாவுகற்கள் வழுக்கும், கஃபரெல்லாவின் மண்பாதை சேறாகிவிடும்; அப்படிப்பட்ட நாளில் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுவது நல்லது.

மாதத்தைவிடக் கிழமையைத் தேர்வதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பியன் சாலையின் தொடக்கப் பகுதியில் கார்ப் போக்குவரத்து தடுக்கப்படுவதால் மிதிவண்டிக்கு அது மிகவும் அமைதியான நாள். ஆனால் அன்று சான் செபாஸ்தியானோ நிலத்தடிக் கல்லறைகள் மூடியிருக்கும். சான் கலிஸ்தோ கல்லறைகளுக்குப் புதன்கிழமையும் தொமித்தில்லாவுக்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை. செசிலியா மெத்தெல்லா கல்லறை, குவின்தீலி மாளிகை, மாக்சென்டியஸ் வளாகம் ஆகியவை பொதுவாகத் திங்கட்கிழமை மூடப்படுகின்றன. ஆகவே திங்களன்று சென்றால் பலவற்றை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். கார் நெரிசல் இல்லாத சாலை முக்கியம் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சென்று, நிலத்தடிக் கல்லறைக்குச் சான் கலிஸ்தோவைத் தேர்ந்தெடுக்கலாம். நான் பரிந்துரைப்பதும் அதையே.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே மாதிரித் தோன்றும் விளம்பரங்களுக்குள் பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. இத்தாலியில் தொல்லியல் இடங்களை விளக்கிச் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டி வேறு. மிதிவண்டிக் குழுவைப் பாதுகாப்பாக அழைத்துச் செல்லும் துணையாளர் வேறு. பின்னவர் வழியை நன்றாக அறிந்திருப்பார், வண்டி பழுதானால் சரிசெய்வார், ஆனால் ஒரு கல்லறையின் முன் நின்று அதன் கல்வெட்டை வாசித்துக் காட்டும் பயிற்சி அவருக்கு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பதிவு செய்யும் முன், உடன் வருபவர் உரிமம் பெற்ற வழிகாட்டியா என்று எழுத்து மூலமாகக் கேட்டுவிடுங்கள்.

அதனுடன், குழுவில் எத்தனை பேர், நிலத்தடிக் கல்லறைக்கான நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேர்ந்ததா, தொட்டிப்பாலப் பூங்கா வரை செல்வார்களா அல்லது செசிலியா மெத்தெல்லாவோடு திரும்பிவிடுவார்களா, விபத்துக் காப்பீடு உண்டா என்பவற்றையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எட்டுப் பேருக்கு மேற்பட்ட குழுவில், கடைசியில் வருபவர் வந்து சேர்வதற்குள் விளக்கம் முடிந்துவிடும் என்பதால் சிறிய குழுவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீணாகாது. மூன்று மணி நேரச் சுற்று என்றால் சாலையை மட்டும் காணலாம். சாலை, கல்லறை, தொட்டிப்பாலம் மூன்றும் வேண்டுமானால் ஐந்து மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல சுற்றுகளில் வழியில் தரப்படும் சிற்றுண்டியில் பதப்படுத்திய பன்றி இறைச்சியும் பெக்கோரினோ பாலாடைக்கட்டியும் இருக்கும். பெக்கோரினோ ரோமானோ ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. ரொட்டி, பழம், தக்காளி போதும் என்று சொன்னால் ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

புறப்படும் முன்

ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி மிதி-துணை வண்டியின் மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படக் கூடாது; வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டாரின் உதவி நின்றுவிடும். பெடலை மிதித்தால் மட்டுமே அது இயங்கும் என்பதால் ஸ்கூட்டரைப்போல் தானாகப் பாய்ந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். ஆனால் வண்டியின் எடை 20 கிலோவுக்கு மேல் இருக்கும். நம்மூர்ச் சைக்கிளைப் போல ஒரு கையால் தூக்கித் திருப்பிவிட முடியாது. எனவே வண்டியைப் பெற்றதும் ஆளில்லாத காலி இடத்தில் பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். சீட்டில் அமர்ந்தபடி இரு கால்களின் முன்பகுதியும் தரையைத் தொடும் உயரம் புதியவர்களுக்கு ஏற்றது. இரண்டு பிரேக்கையும் தனித்தனியே அழுத்திப் பழகுங்கள். டிஸ்க் பிரேக்குகள் சட்டென்று பிடிப்பவை, முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் வண்டி கவிழும். மோட்டார் துணையை மிகக் குறைந்த அளவில் வைத்துத் தொடங்கி, மேட்டில் மட்டும் கூட்டுவது நல்ல பழக்கம்.

டயர் அகலமாகவும் முன் ஃபோர்க்கில் அதிர்வுதாங்கியும் உள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள். நகரத்துக்கான மெல்லிய டயர் வண்டியைத் தந்தால் மாற்றித் தரச் சொல்லத் தயங்க வேண்டாம், ஏனெனில் ஆப்பியன் சாலையின் கற்களில் அதன் மேல் உட்கார்ந்திருக்கவே முடியாது. ஹெல்மெட் பெரியவர்களுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் அணியாமல் ஏறக் கூடாது.

உடை எளிதானதே: முழங்காலை மூடும் பேன்ட், தோளை மூடும் சட்டை, பிடிப்புள்ள ஷூ. நிலத்தடிக் கல்லறைகள் சமய இடங்கள் என்பதால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். துப்பட்டா, நீண்ட சால்வை, தளர்ந்த பேன்ட் நுனி ஆகியவை சங்கிலியிலும் சக்கரத்திலும் சிக்கும். அவற்றை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். நிலத்தடியில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 16 பாகை வெப்பநிலையே இருப்பதால் வியர்வையோடு இறங்கும்போது குளிரும். மெல்லிய மேற்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். தண்ணீருக்கு ஒரு பாட்டில் போதும். ரோமெங்கும் நசோனி எனப்படும் இரும்புக் குழாய்த் தூண்களில் நல்ல குடிநீர் இலவசமாக ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டிப்பாலப் பூங்காவுக்குள் நுழையும் முன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மதில் வாயிலிலிருந்து

பெரும்பாலான சுற்றுகள் சர்க்கஸ் மாக்சிமஸ் என்னும் பண்டைய தேரோட்டத் திடல் அருகே தொடங்கி, கி.பி. 216-இல் திறக்கப்பட்ட காரக்கல்லா நீராடல் மண்டபங்களைத் தாண்டி, சான் செபாஸ்தியானோ வாயிலை அடையும். இது 270-களில் பேரரசர் அவுரேலியன் எழுப்பிய 19 கிலோமீட்டர் மதிலின் வாயில். வெளியே வந்ததும் வலப்புறச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கும் முதல் மைல்கல் தூணின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். மூலம் காப்பிடோலின் குன்றில் உள்ளது. ஒரு ரோமானிய மைல் ஏறத்தாழ 1,480 மீட்டர்.

இதை அடுத்த இரண்டு கிலோமீட்டர்தான் முழுச் சுற்றிலும் ஆபத்தானது. சாலை குறுகலானது, இருபுறமும் உயர்ந்த சுவர்கள், வார நாட்களில் கார்கள் ஒதுங்க இடமின்றி உரசியபடி செல்லும். ஒருவர் பின் ஒருவராக, இரண்டு வண்டி நீள இடைவெளி விட்டு, வழிகாட்டியின் கோட்டிலேயே செல்லுங்கள். இங்கே படம் எடுக்க நிற்க வேண்டாம். தோமினே குவோ வாதிஸ் என்னும் சிறு தேவாலயம் வந்ததும் அனுபவமுள்ள வழிகாட்டி இடப்புறம் கஃபரெல்லாப் பள்ளத்தாக்குக்குள் திருப்பிவிடுவார். அந்த நொடியில் காரோசை அறுந்து, ஆடுகள் மேயும் புல்வெளியும் அல்மோனே ஓடையும் வந்துவிடும். இரண்டாம் நூற்றாண்டில் இந்நிலம் ஏதென்ஸ் செல்வந்தரும் சொற்பொழிவாளருமான ஹெரோதெஸ் அத்திகுஸுக்கும் அவர் மனைவி அன்னியா ரெஜில்லாவுக்கும் உரிய தோட்டமாக இருந்தது; எஜேரியா ஊற்றுமண்டபம் என்று இன்று அழைக்கப்படும் குகை போன்ற கட்டடம் அதன் எச்சம்.

மீண்டும் ஆப்பியனுக்கு வந்ததும் நிலத்தடிக் கல்லறைகளுள் ஒன்றில் இறங்கலாம். இறந்தோரை நகருக்குள் புதைக்கக் கூடாது என்று ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டம் விதித்ததால் நகரைவிட்டு வெளியேறும் சாலைகளின் இருமருங்கும் கல்லறைகளால் நிரம்பின. நிலத்துக்கு மேலே இடம் வாங்க இயலாதவர்களுக்கும் கிறித்தவச் சமூகத்துக்கும் மென்மையான எரிமலைத் துகள்பாறையைக் குடைந்து கீழே இடம் கிடைத்தது. சான் கலிஸ்தோவில் மூன்றாம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் (போப்புகள்) ஒன்பதுபேர் அடக்கம் செய்யப்பட்ட அறை உண்டு. 1854-இல் ஜொவான்னி பத்திஸ்தா தெ ரோஸி அதைக் கண்டறிந்தார். சான் செபாஸ்தியானோவில் பேதுருவையும் பவுலையும் வேண்டி மக்கள் சுவரில் கீறிய நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கின்றன. இரண்டில் ஒன்று போதும். உள்ளே அங்கிருக்கும் வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும், படம் எடுக்க அனுமதி இல்லை. குறுகிய இடங்களில் மூச்சுத்திணறல் உணர்பவர்கள் மேலேயே இருந்து வண்டிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

அருகிலேயே பேரரசர் மாக்சென்டியஸின் தேரோட்டத் திடல் உள்ளது. அவர் ஆட்சி 306 முதல் 312 வரையே நீடித்தது. 500 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள இத்திடல் ரோமானியத் தேர்த்திடல்களுள் மிக நன்றாக எஞ்சியிருப்பது. இதன் நடுவே நின்ற எகிப்தியக் கல்தூண்தான் இப்போது நவோனா சதுக்கத்தில் பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்றின் மேல் நிற்கிறது.

செசிலியா மெத்தெல்லா கல்லறை

மூன்றாம் மைலில் சாலை சற்று மேடேறும் இடத்தில் நிற்கும் இந்த உருளைக் கட்டடத்தில் அரைமணி நேரமாவது நில்லுங்கள். கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த இது, குவிண்டஸ் மெத்தெல்லஸ் கிரேத்திகுஸின் மகளும் கிராசஸ் குடும்பத்து மருமகளுமான ஒரு பெண்ணுக்குரியது. சாலைப்பக்கம் உயரத்தில் பதித்த பளிங்குக் கல்வெட்டு அவள் தந்தை பெயரையும் கணவன் பெயரையும் மட்டுமே சொல்கிறது; அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அவளுடைய கணவனின் தந்தையாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதும் மார்க்கஸ் கிராசஸ்தான், கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைப் புரட்சியை ஒடுக்கி, சிறைப்பட்ட 6,000 பேரைக் காப்புவா முதல் ரோம் வரை இதே சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தவர். அந்த ஆறாயிரம் பேருக்கு இச்சாலையில் ஒரு கல்லும் இல்லை. வழிகாட்டி இதைச் சொல்லாமல் கடந்தால் நீங்களே கேளுங்கள்.

கட்டடத்தின் உச்சியில் தெரியும் கோட்டைப் பற்கள் பிற்காலத்தவை. திருத்தந்தை எட்டாம் போனிபாசின் கயெத்தானி குடும்பம் 1300-களின் தொடக்கத்தில் கல்லறையைக் கோட்டையின் கோபுரமாக மாற்றிச் சாலையில் செல்வோரிடம் சுங்கம் வசூலித்தது. எதிரில் கூரையின்றி நிற்கும் சான் நிக்கோலா தேவாலயமும் அவர்கள் கட்டியதே.

உள்ளே நுழைந்து சுவருக்கு அருகில் சென்று காரையைப் பாருங்கள். சுண்ணாம்போடு ஆல்பன் குன்றுகளின் எரிமலைத் துகள் கலந்த அந்தக் காரை, இரண்டாயிரம் ஆண்டுகளாக ஈரம் ஊறியும் உதிரவில்லை. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் காரணம் கண்டது: மழைநீரும் நிலத்தடி நீரும் துகளில் உள்ள லியூசைட் என்னும் கனிமத்தைக் கரைத்துப் பொட்டாசியத்தை வெளியிட, அது காரையின் பிணைப்பை உள்ளுக்குள் மாற்றி உறுதியாக்கியிருக்கிறது. கீழறையில் கட்டடத்தின் அடியாக இருக்கும் உறைந்த எரிமலைக் குழம்பையே காணலாம். ஆல்பன் குன்றுகளிலிருந்து ஓடிவந்து இங்கே நின்றுபோன அந்தக் குழம்புப் பாறையிலிருந்து வெட்டியெடுத்த பசால்ட்தான் சாலையின் பாவுகல்லாகவும் ஆயிற்று.

பழைய கற்களின் மேல்

காப்போ தி போவே வளாகத்தைத் தாண்டியதும் மூலக் கற்கள் வெளிப்படுகின்றன. காப்போ தி போவேயில் நுழைவு இலவசம். இரண்டாம் நூற்றாண்டு நீராடல் அறைகளின் மொசைக் தரை உண்டு, இச்சாலையை வீட்டுமனை வணிகரிடமிருந்து காக்க 1950-கள் முதல் எழுதிப் போராடிய அன்தோனியோ செதெர்னாவின் ஆவணக் காப்பகமும் அங்கேயே உள்ளது. அவரைப் போன்றோரின் எழுத்து இல்லாவிட்டால் இங்கே இன்று சுவரும் மாளிகைகளும் மட்டுமே இருந்திருக்கும் என்பதால் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வருவது நன்றிக்கடன்.

சாலையின் அகலம் 14 ரோமானிய அடி, அதாவது நான்கு மீட்டருக்குச் சற்று மேல். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒதுங்கிச் செல்லும் அளவு. ஒரு கல்லின் மேல் குனிந்து பாருங்கள்: மேற்பகுதி பலகோணம், அடிப்பகுதி ஆப்பு வடிவம். இரும்புப் பட்டையிட்ட சக்கரங்கள் அறுத்த பள்ளங்களில் இரண்டு விரல் இறங்கும். அந்தப் பள்ளத்தில் உங்கள் முன் டயர் சிக்கினால் விழுவீர்கள் என்பதால் அவற்றைச் சாய்வாகக் கடக்காமல் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். மோட்டார் துணையை நடு அளவில் வைத்து, சீரான வேகத்தில் மிதித்து, முழங்கையைத் தளர்த்தி, அதிர்வு கூடும் இடத்தில் இரு பெடலையும் சமமாக நிறுத்திச் சீட்டிலிருந்து சிறிது எழுந்துகொள்ளுங்கள். பெரும்பாலான நீளத்துக்குச் சாலையோரம் ஒற்றையடி மண்தடம் உண்டு. அதில் செல்வதில் எந்தக் குறையும் இல்லை. கற்களில் சில நூறு மீட்டர் ஓட்டிப் பார்த்தால் போதும்.

இந்தச் சாலையில் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. முசிறி போன்ற துறைகளில் யவனர் பொன் கொடுத்து ஏற்றிச் சென்ற மிளகு, செங்கடலும் அலெக்சாண்ட்ரியாவும் கடந்து, நேப்பிள்ஸ் அருகிலுள்ள புத்தியோலித் துறைமுகத்தில் இறங்கியது. அங்கிருந்து ரோமுக்கு வரும் தரைவழி காப்புவாவில் ஆப்பியனோடு சேர்ந்தது. பவுலும் புத்தியோலியில் இறங்கி இவ்வழியே ரோமுக்கு வந்தார்.

ஐந்தாம் மைலில் குவின்தீலி சகோதரர்களின் மாளிகை வரும். கி.பி. 151-இல் இருவரும் ஒரே ஆண்டில் கான்சல் என்னும் உயர் ஆட்சிப் பதவி வகித்தவர்கள். பேரரசர் கொம்மொதுஸ் அவர்களைக் கொன்று மாளிகையைத் தனதாக்கிக்கொண்டார்.

தொட்டிப்பாலப் பூங்கா

இங்கிருந்து நவீன நெடுஞ்சாலையையும் ரயில்பாதையையும் கடக்க வேண்டும். அந்தக் குறுக்கு வழிகள் பழக்கமில்லாதவரைக் குழப்பும். வழிகாட்டியின் பயன் இங்கே முழுமையாகத் தெரியும். கடந்ததும் கிளாடியன் தொட்டிப்பாலத்தின் வளைவுகள் வரிசையாக எழும். கி.பி. 38-இல் பேரரசர் காலிகுலா தொடங்க, 52-இல் பேரரசர் கிளாடியஸ் முடித்த இக்கால்வாய் அனியேனே பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 69 கிலோமீட்டர் தண்ணீரைக் கொண்டுவந்தது. அதில் பெரும்பகுதி நிலத்தடியில் செல்வது. நகரை நெருங்கும் சமவெளியில் உயரத்தை இழக்காதிருக்கவே வளைவுகள் தேவைப்பட்டன. பம்பு எதுவுமின்றி, கொத்தனார் சொல்லும் வாட்டம், அதாவது மெல்லிய சரிவு, ஒன்றை மட்டும் நம்பி, மலையடிவாரம் முதல் நகரக் குன்றுகள் வரை அதைக் காத்து வந்த அளவையாளர்களின் திறமையை நினைத்தால் வளைவுகளின் உயரத்தைவிட அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

வளைவு உடைந்த ஒரு முனையைத் தேடி நின்று மேலே பாருங்கள். குறுக்குவெட்டில் இரண்டு கால்வாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்: கீழே வெட்டுக்கல்லால் ஆன கிளாடியா, மேலே செங்கல்லும் காங்கிரீட்டுமான அனியோ நோவுஸ். பக்கத்தில் தாழ்வாக ஓடுவது 1580-களில் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் கட்டிய அக்வா ஃபெலிசே, கி.மு. 144-இல் தொடங்கிய அக்வா மார்சியாவின் மிச்சங்களை இடித்தும் பயன்படுத்தியும் எழுந்தது அது. திரும்பும் வழியில் தோர் ஃபிஸ்காலே கோபுரத்தருகே கிளாடியாவும் மார்சியாவும் இருமுறை குறுக்கிட்டு ஒரு மூடிய வெளியை உண்டாக்கியிருந்தன. கி.பி. 537-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் என்னும் ஜெர்மானிய இனத்தார் வளைவுகளை அடைத்து அந்த வெளியையே பாசறையாக்கிக்கொண்டனர். நகருக்குச் செல்லும் தண்ணீரையும் அறுத்தனர்.

பூங்காவின் புல்வெளியில் மோட்டார் வேகம் தேவையில்லை; மாலையில் நடைப்பயிற்சி செய்வோரும் குழந்தைகளும் நாய்களும் நிறைந்திருப்பர். வளைவுகளின் மேல் ஏறக் கூடாது, வண்டியைச் சுவரில் சாய்த்து வைப்பதும் கூடாது.

மறுநாளுக்கு

நேரம் இருப்பவர்கள் அடுத்த நாள் டிராமில் போர்த்தா மஜ்ஜோரேவுக்குச் செல்ல வேண்டும். நேற்றுப் பூங்காவில் பார்த்த அதே இரண்டு கால்வாய்கள் நகருக்குள் நுழைந்த இடம் அது. இரட்டை வளைவின் நெற்றியில் கிளாடியஸ், வெஸ்பாசியன், தீத்துஸ் ஆகிய பேரரசர்கள் மூவரின் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 71-இல் வெஸ்பாசியன் பொறித்த வரிகள், கிளாடியஸின் கால்வாய் பழுதாகி ஒன்பது ஆண்டுகள் தண்ணீர் வராமல் இருந்ததைச் சொல்கின்றன. பத்தே ஆண்டுகள் கழித்து, 81-இல், தீத்துஸ் மீண்டும் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. எழுத்துகள் பெரியவை, தரையில் நின்றே வாசிக்கலாம். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது இன்னும் தெளிவாகத் தெரியும்.